பெயர் சுமக்கும் கலங்கள்

கல்வராயன் மலைக்கு வடக்கே, தென்பெண்ணையை ஒட்டிய எடத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்த கல் அது. எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டவன் பெயர் கருந்தேவக்கத்தி. அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. அதற்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றதாம். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த வட்டாரத்தைக் கட்டியாண்ட சிற்றரசர் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரியும்.

அந்தக் கல்லை நட்டவர்கள் எதை நம்பினார்கள்? இறந்தவனுக்கு இனிக் கல்லால் ஆவது ஒன்றுமில்லை. இருப்பவர்களுக்குத்தான் நெருக்கடி. தங்களுக்காக ஒருவன் போய்விட்டான், அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவர்களால் முடியவில்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் படிகளில் நீர்ப்படையும் ஒன்று. பெயர் ஏறப்போகும் கல்லை முதலில் நீராட்டுகிறார்கள். கடலோர நாடுகளில் கப்பலுக்குப் பெயரிடும் சடங்கிலும் பெயரையும் நீரையும் பிரிப்பதில்லை. முகப்பில் ஒரு புட்டியை உடைத்துப் பெயரை உரக்கச் சொல்கிறார்கள்; கலம் நீருக்கு உரியதாகிறது. இரண்டு சடங்குகளுக்கும் உறவேதும் இல்லை. மனித மனம் ஒன்று என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கல்வராயன் மலை இருக்கும் எங்கள் கள்ளக்குறிச்சி கடல் பார்க்காத மாவட்டம். கோமுகி ஆற்று நீர் மட்டும் மணிமுத்தாற்றோடும் வெள்ளாற்றோடும் கலந்து பரங்கிப்பேட்டைக்கருகில் கடலைப் போய்ச் சேர்கிறது. இங்கிருந்துகொண்டு கப்பல்களின் பெயர்களைப் பற்றி எண்ணுவது வேண்டாத வேலை என்று தோன்றலாம். ஆனால் நடுகற்கள் நிறைந்த நிலத்தில் பிறந்தவர்களுக்கு, ஒருவர் பெயரை ஒரு பொருளின்மேல் ஏற்றுவது என்றால் என்ன என்ற கேள்வி புதிதல்ல. விண்வெளிக்குப் போனவர்களின் பெயரை இந்தக் காலத்தில் கப்பல்களுக்கு வைக்கிறார்கள். வானத்துக்குப் போனவனின் பெயர் ஏன் தண்ணீரில் மிதக்க வேண்டும்?

எளிய பதில் ஒன்று உண்டு. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களில் பலர் கடற்படை விமானிகள். 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் கால் மணி நேரம் விண்ணைத் தொட்டுவிட்டு அட்லாண்டிக் கடலில் வந்து விழுந்தார். போர்க்கப்பல் ஒன்றுதான் அவரை ஏற்றிக்கொண்டது. கடலிலிருந்து போனவர், கடலுக்கே திரும்பியவர். அதனால் அவர் பெயரில் ஒரு கப்பல். வாலி ஷிராவுக்கும் அப்படியே. ஜான் கிளென் பெயரில் நடுக்கடலில் சரக்கு மாற்றும் மிதக்கும் தளம் ஒன்று இருக்கிறது.

இந்தப் பதிலோடு நின்றுவிடலாம்தான். ஆனால் எந்த வகைக் கப்பலுக்கு இந்தப் பெயர்களை வைத்தார்கள் என்று பார்த்தால் நிற்கத் தோன்றாது. ஷெப்பர்டின் பெயரும் ஷிராவின் பெயரும் பீரங்கி பொருத்திய நாசகாரிக் கப்பலுக்குப் போகவில்லை. மற்றக் கப்பல்களைத் தேடிப் போய் உணவும் உதிரிப் பொருள்களும் வெடிமருந்தும் கொடுத்துவிட்டு வரும் சரக்குக் கப்பல்களுக்குப் போயின. அமெரிக்கரில் விண்ணை முதலில் தொட்டவரின் பெயர் அரிசி மூட்டைக்கு மேல் எழுதியிருப்பதைப் போல. இதே வகைக் கப்பல்களில் ஒன்றான 'சார்லஸ் ட்ரூ', 2022 ஆகஸ்டில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்குப் பழுதுபார்க்க வந்தது. ரத்த வங்கிகள் உருவாக வழிசெய்த கறுப்பின மருத்துவர் ஒருவரின் பெயர் அது. அந்தப் பெயர் தாங்கிய இரும்பின்மேல் நம் ஊர்த் தொழிலாளிகள் வெல்டிங் பொறி பறக்க வேலை செய்தார்கள். யார் பெயர் என்று அவர்களில் யாரேனும் கேட்டிருப்பார்களா? கேட்டிருக்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த மருத்துவரைக் கௌரவிக்கும் வேலையில் அவர்களும் பங்கேற்றுவிட்டார்கள்.

நிலவில் முதலில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங் 2012இல் இறந்தபோது அவர் சாம்பலை அட்லாண்டிக் கடலில் கரைத்தார்கள். அவர் பெயரையும், அதே ஆண்டு இறந்த விண்வெளி வீராங்கனை சாலி ரைடின் பெயரையும் அமெரிக்கக் கடற்படை இரண்டு ஆய்வுக் கப்பல்களுக்கு வைத்தது. சாலி ரைட் கடற்படையில் பணியாற்றியவர் அல்லர், இயற்பியல் படித்தவர். அவர் பெயர் தாங்கிய கப்பல் இன்று கடலின் வெப்பத்தையும் உப்பையும் நீரோட்டத்தையும் அளந்துகொண்டிருக்கிறது. மேலே போய்ப் பூமியைப் பார்த்தவரின் பெயர் இப்போது கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தைத் தடவிப் பார்க்கிறது. இதில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அறிய விரும்பியவருக்குச் செய்யும் மரியாதை, அறிதலைத் தொடர்வதுதானே.

என்னை நெடுநாள் யோசிக்க வைத்தவை சோவியத் கப்பல்கள். அந்நாட்டின் விண்கலங்கள் பூமியைச் சுற்றும் பாதையில் பெரும்பகுதி கடல்களின் மேல் செல்லும். தரையில் இருக்கும் நிலையங்களுக்கு அந்நேரத்தில் அவை எட்டா. ஆகவே பெரிய அலைவாங்கிகளைச் சுமந்த கப்பல்களைக் கடல்களில் நிறுத்தினார்கள். மேலே போகும் மனிதனின் குரலைக் கீழே கேட்டு மாஸ்கோவுக்குச் சொல்வது அவற்றின் தொழில். 1967 ஏப்ரலில் சோயுஸ்-1 தரையில் மோதி விளாதிமிர் கொமரோவ் இறந்தார். அந்த ஆண்டே அவர் பெயரில் ஒரு கப்பல் கடலுக்குப் போனது. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ்-11 ஒரு பழுதுமில்லாமல் வந்து இறங்கியதாகத் தோன்றியது. கதவைத் திறந்தபோது உள்ளே தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பாட்சயேவ் மூவரும் காற்றில்லாமல் இறந்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த மூவர் பெயரிலும் மூன்று கப்பல்கள் வந்தன.

மூச்சடங்கிப் போன மூன்று பேரின் பெயரைத் தாங்கிய கலங்கள், மேலே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களின் குரலுக்காகக் கடலில் காத்து நின்றன. 1984 ஏப்ரலில் நம் ராகேஷ் சர்மா சல்யூத்-7 நிலையத்தில் தங்கியிருந்தபோதும், அந்தக் கலங்கள் கடல்களில் செவிசாய்த்துத் திரிந்த காலம்தான் அது. இறந்தவருக்கு இதைவிடத் தகுந்த வேலையை யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்? தமக்குக் கிடைக்காத பாதுகாப்பைத் தம் பெயரால் பிறருக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் செய்த அரசு பல கொடுமைகளுக்குப் பேர் போனது. அதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த ஒரு செயலில் ஒரு நல்ல உணர்வு இருந்ததை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

சிலைக்கும் கப்பலுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் துலங்குகிறது. சிலை தனியாக நிற்கிறது. ஒருவர் மட்டுமே செய்து முடித்தார் என்பது போன்ற ஒரு பொய்யை அது தன் நிலையாலேயே சொல்லிவிடுகிறது. கப்பலால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது, ஏனென்றால் மாலுமியும் எந்திரப் பொறியாளரும் சமையற்காரரும் அலைவரிசையைக் கவனித்துக் கண் விழித்திருப்பவரும் இல்லாமல் அது ஒரு முழம்கூட நகராது. விண்ணுக்குப் போன எவரும் தனியாகப் போகவில்லை. எரிபொருளின் எடையைக் கணக்கிட்டவர்கள், உடையைத் தைத்தவர்கள், கடலில் குதித்துக் கலத்துக்குக் கயிறு கட்டியவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து தூக்கிவிட்ட ஒருவரைத்தான் நாம் வீரர் என்கிறோம். அந்தப் பலரிலிருந்து பிரித்தெடுத்து வரலாறு உயரத்தில் வைத்த ஒற்றைப் பெயரை, பலர் வியர்த்து உழைக்கும் ஒரு கலத்தின் மேல் எழுதும்போது, பெயர் தான் புறப்பட்ட இடத்துக்கே, பலரின் கைகளுக்கே, திரும்பி வருகிறது. எடத்தனூரார் இதை அறிந்திருந்ததால்தான் நாயையும் கல்லில் சேர்த்தார்கள் போலும்.

பெயர் எப்போதும் இப்படித் திரும்பி வருவதில்லை என்பதற்கும் நம் மலையே சாட்சி. கல்வராயன் மலையின் நிலம் தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் பெயரால் அறியப்பட்டது. காட்டைத் திருத்தியவர், சாமையும் தினையும் விதைத்தவர், கடுக்காய் பொறுக்கியவர் எல்லோரும் அந்தப் பெயர்களின் நிழலில் பெயரில்லாமல் இருந்தார்கள். 1976இல் அரசு அந்த நிலங்களைக் கையகப்படுத்தும்வரை நிலை அதுதான். ஜாகீரின்மேல் எழுதிய பெயர் 'இது என்னுடையது' என்று சொன்னது. நடுகல்லிலும் கப்பலிலும் எழுதிய பெயர் 'நாங்கள் இவருக்குக் கடன்பட்டவர்கள்' என்று சொல்கிறது. உடைமை கொண்டாடும் பெயரையும் கடனை ஒப்புக்கொள்ளும் பெயரையும் நாம் வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாமல் போவதால்தான், தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் பெயர் வைக்கும் நேரத்தில் இத்தனை சண்டை வருகிறது; சண்டையிடுவோரில் பாதிப்பேர் முன்னதையே கேட்கிறார்கள், ஆனால் பின்னதன் மொழியில் கேட்கிறார்கள்.

கல்பனா சாவ்லாவின் பெயர் போன வழியைப் பார்ப்போம். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் தரை திரும்பும் வழியில் சிதறி அவர் உட்பட ஏழு பேரும் மாண்டார்கள். நான்கே நாளில், முந்தைய செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய மெட்சாட் என்னும் வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 என்று இந்திய அரசு பெயர் மாற்றியது. கார்னாலில் பிறந்த பெண்ணின் பெயர் பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை வருமா வராதா என்று கேட்டு மரவள்ளி ஊன்றுகிற வெள்ளிமலைக்காரருக்கும், கோமுகி அணை நிரம்புமா என்று பார்த்து நாற்று விடுகிறவருக்கும் வானொலியில் வந்த செய்திக்குப் பின்னால் அந்தப் பெயரும் இருந்தது. அவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

2020 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பொருள் கொண்டுபோன அமெரிக்கச் சரக்குக் கலம் ஒன்றுக்கு, கடற்கப்பலுக்கு இடுவதைப் போலவே முன்னெழுத்திட்டு, 'எஸ்.எஸ். கல்பனா சாவ்லா' என்று பெயர் வைத்தார்கள். மூன்று டன்னுக்கு மேல் சுமந்து சென்று சேர்த்தது. திரும்பும்போது நிலையத்தின் கழிவுகளை ஏற்றிக்கொண்டு 2021 ஜனவரியில் வளிமண்டலத்தில் எரிந்து போனது. அந்த வகைக் கலத்தின் விதி அதுதான், யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் தரை திரும்பும் வழியில் எரிந்து போனவரின் பெயரை, திரும்பும் வழியில் எரிவதற்கென்றே செய்த கலத்துக்கு வைத்தவர்கள் ஒரு நிமிடம் தயங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன். தயங்கிவிட்டு வைத்திருந்தாலும் எனக்குச் சம்மதமே. அது தன் சுமையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் எரிந்தது.

தமிழ்நாடு அரசு அந்தப் பெயரை ஒரு விருதுக்கு வைத்திருக்கிறது. துணிவும் தீரமும் காட்டிய பெண்களுக்குச் சுதந்திர நாளில் கொடுக்கிறார்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கினார்கள். கரையில் இருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இழுத்தார்கள். இருவர் பிழைத்தார்கள், இருவரை நீர் கொண்டுபோய்விட்டது. அந்த மூன்று பெண்களுக்கும் கல்பனா சாவ்லா விருது. மானம் உயிரைவிடப் பெரிது என்று காலங்காலமாகச் சொல்லி வளர்த்த ஒரு சமூகத்தில், அந்நியர் உயிருக்காக ஒரு கணத்தில் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டவர்கள் அவர்கள். விண்ணோடத்தில் ஏறுவதற்கு வேண்டிய துணிவும் அந்தக் கரையில் வேண்டியிருந்த துணிவும் ஒரே அளவுகோலுக்குள் அடங்குமா என்று யாரேனும் கேட்டால், கரையில் வேண்டியிருந்தது ஒரு படி கூடுதல் என்றே நான் சொல்வேன். ஏனென்றால் விண்வெளிக்குப் போகிறவருக்குப் பல ஆண்டுப் பயிற்சியும் நாட்டின் கைத்தட்டலும் முன்கூட்டியே கிடைத்துவிடுகின்றன, இவர்களுக்குக் கிடைத்தது சில நொடிகள் மட்டும். அந்த நாளில் விருதை ஏற்றவர்களால் பெயர் உயர்ந்ததா, பெயரால் அவர்கள் உயர்ந்தார்களா என்று பிரித்துச் சொல்ல இயலாத நிலைக்கு ஒரு பெயர் வந்து சேர்வதுதான் அதற்கு நேரக்கூடிய பெரும்பேறு என்று தோன்றுகிறது.

இனி நிலையாமை. 1971இல் லெனின்கிராடில் கட்டி முடித்த 'விண்வெளி வீரர் யூரி ககாரின்' என்னும் கப்பல் 230 மீட்டருக்கு மேல் நீளம். விண்கலங்களுக்குச் செவிசாய்த்த அந்தக் கப்பல்களில் அதுவே மிகப் பெரியது. சோவியத் நாடு உடைந்தபோது அது ஒதேசாப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1996இல் அதைப் பழைய இரும்பாக விற்றார்கள். குஜராத்தின் அலங் கடற்கரைக்குக் கடைசிப் பயணம். புறப்படும் முன் பெயரின் சில எழுத்துகளை வண்ணம் பூசி மறைத்து 'அகார்' என்று மட்டும் எஞ்ச விட்டார்கள். முழுப் பெயரோடு அனுப்ப வெட்கமாக இருந்திருக்கும். மனிதரில் முதலில் விண்ணுக்குப் போனவரின் பெயர் தாங்கிய கப்பலை, ஊரைவிட்டுப் பிழைக்க வந்த இந்தியத் தொழிலாளிகள் வெயிலில் நின்று எரிவாயுச் சுடரால் துண்டு துண்டாக அறுத்தார்கள். பாட்சயேவ் கப்பல் மட்டும் கலினின்கிராடில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

இதைக் கேட்டவுடன் நமக்கு வருத்தம் வருகிறது. என் வருத்தம் பாதியில் நின்றுவிட்டது. கப்பல் அழியும் என்பது தெரிந்தேதான் பெயர் வைக்கிறோம். அழியாத பொருளின்மேல் மட்டுமே பெயர் எழுத வேண்டும் என்றால் உழைக்கும் பொருள் எதன்மேலும் எழுத முடியாது, ஏனென்றால் உழைப்பது தேயும், தேய்வது ஒருநாள் தீரும். தேயாமல் இருப்பதற்கு ஒரே வழி எதற்கும் பயன்படாமல் இருப்பதுதான். நடுகல்லும் உழைத்ததுண்டு. பல ஊர்களில் அது துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் வேலை செய்துவிட்டுத்தான் தொல்லியலாரின் கண்ணில் பட்டது. தேய்வது பெயருக்கு இழிவல்ல. வண்ணம் பூசி மறைத்ததுதான் இழிவு, ஏனென்றால் கடன் தீராமல் இருக்கும்போதே கடன் பத்திரத்தைக் கிழிப்பதற்கு அது சமம். அந்த இழிவும் மறைத்தவர்களையே சேரும், ககாரினைச் சேராது.

நம் கடற்படைக்கு வேறொரு மரபு. மலைகளையும் ஆறுகளையும் நகரங்களையும் விண்மீன்களையும் தேடிப் பெரும்பாலும் பெயர் வைக்கிறது. நீலகிரி, சிவாலிக், சத்புரா, சஹ்யாத்ரி என்று மலைகளெல்லாம் கடலில் மிதக்கின்றன. கல்வராயன் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக யாரும் மனு எழுத வேண்டாம். விசாகப்பட்டினத்தில் கட்டி 2021இல் கடற்படையில் சேர்ந்த கண்காணிப்புக் கப்பலுக்கும் துருவ் என்று விண்மீனின் பெயர். ஆளைவிட மலையும் விண்மீனும் பெரிது என்று எண்ணும் இந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். வணிகக் கப்பல்களில் மட்டும் விலகல் உண்டு: இந்தியக் கப்பல் கழகம் பரம்வீர் சக்ரா பெற்ற படைவீரர்களின் பெயரை எண்ணெய்க் கப்பல்களுக்கு வைத்தது. எண்ணெய் சுமக்கும் வேலைக்கு அந்தப் பெயர்கள் போனதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் நாட்டின் ககன்யான் திட்டம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று ஆளில்லாச் சோதனைக் கலம் வங்காள விரிகுடாவில் விழுந்து தலைகீழாக மிதந்தது. ஐ.என்.எஸ். சக்தியிலிருந்து கடற்படையின் முக்குளிப்பவர்கள் இறங்கி மீட்க, அது சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு ஆட்கள் போவார்கள். தேர்ந்தெடுத்த நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர்கள் திரும்பி வரும் நாளில் நாடெங்கும் பெயர் வைக்கும் ஆசை கிளம்பும். கள்ளக்குறிச்சிக்கும் அது வரும். புதிய பேருந்து நிலைய வளைவு, நகராட்சிப் பூங்கா, நான்கு முனைச் சந்திப்பு என்று இடங்களைத் தேடுவார்கள். எனக்கு ஓட்டு இருந்தால் வளைவுக்குப் போடமாட்டேன். மழைக்காலத்து இரவில் கரியாலூருக்கும் அதற்கு அப்பாலுள்ள மலைக்கிராமங்களுக்கும் பிரசவ வலியில் இருப்பவரை அழைத்துவர ஏறும் ஆம்புலன்ஸுக்கு அந்தப் பெயரை வைக்கச் சொல்வேன். அது ஒருநாள் வழியில் நின்றுபோனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரேனும் மாவட்ட ஆட்சியரிடம் சண்டைக்குப் போவார்கள்.